இல்லை என்று சொல்லாத கடை

தி.நகர் உஸ்மான் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கருணாகரன் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். திசையன்விளைப் பக்கத்திலிருந்து வந்து அவருடைய அப்பா தொடங்கிய கடை. அங்கே 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் இடம் கிடையாது. கேட்ட அளவில் இட்லிக் கொப்பரை தீர்ந்துபோயிருந்தால், "நாளைக்கு வந்துரும், அதுவரைக்கும் இதப் பாருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். இல்லை என்று வாயைத் திறந்தால் லட்சுமி செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவாள் என்பது அப்பா விட்டுப்போன நம்பிக்கை. வீட்டிலும் அதே சட்டம்தான். அரிசி தீர்ந்தால் அவர் மனைவி சுலோச்சனா, "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பாள். விவரம் தெரியாதவர்கள் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் தாரணிக்கு அது வந்தது. ஒரே மகள், கிண்டியில் நல்ல வேலை. போன மழைக்காலத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. பிறகு அறையை விட்டே வெளியே வருவதில்லை என்று ஆனது. கருணாகரன் காரணம் தேடி அலைந்தார். காதலா, ஆபீசில் எவனாவது ஏதாவது சொன்னானா, யார் கண்ணாவது பட்டதா? ஒன்றும் அகப்படவில்லை. இது மனச்சோர்வு, காரணம் இல்லாமலும் வரும், மாத்திரை தருகிறேன், ஆனால் நாள் பிடிக்கும் என்றார் டாக்டர். எவ்வளவு நாள் என்று கேட்டால், சொல்ல முடியாது என்றார். வாய் கூசாமல் அப்படிச் சொல்கிறவரிடம் எப்படி இவ்வளவு கூட்டம் வருகிறது என்று கருணாகரனுக்கு விளங்கவே இல்லை.

அதே டாக்டர் அவரைத் தனியாக அழைத்து, அவள் தன்னை ஏதும் செய்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கதவு உள்ளே பூட்டாமல் இருக்கட்டும் என்றார். அன்று மாலையே கருணாகரன் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு போய் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். கழன்ற திருகாணி ஒன்று கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது. எதற்கு என்று தாரணி பார்த்தாள். ரிப்பேர், நாளைக்கு மாட்டிவிடலாம் என்றார். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை, அவளும் கேட்கவில்லை.

அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஜெயஸ்ரீ என்பவர் கருணைத் தியானம் சொல்லித்தருகிறார், மனக்காயம் ஆற நல்லது என்று கடைக்கு வந்த ஓர் அம்மாள் சொன்னார். தாரணி வர மறுத்துவிட்டாள். சரி, நானே கற்றுக்கொண்டு வந்து சொல்கிறேன் என்று இவர் கிளம்பிவிட்டார். பாரிமுனையில் மொத்தமாக வாங்கி வந்து தி.நகரில் சில்லறையாக விற்றே பழகியவர் அல்லவா, மனநிம்மதியையும் அப்படியே கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார், பாவம். இது மருந்துக்கு மாற்று கிடையாது, ஒருவருக்காக இன்னொருவர் செய்துகொடுக்கவும் முடியாது என்று ஜெயஸ்ரீ முதல் நாளே சொன்னார். அது இவர் காதில் ஏறினால்தானே.

கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, முதலில் தன்னை வாழ்த்த வேண்டும். நான் நலமாக இருக்க வேண்டும், என் வேதனை தணிய வேண்டும். பிறகு நெருங்கிய ஒருவர், பிறகு முகம் மட்டும் தெரிந்த ஒருவர், கடைசியில் நமக்குக் கெடுதல் செய்தவர். கருணாகரன் முதல் படியை ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவார், தனக்கென்ன குறை என்று. எதிர்க்கடைக்காரரை வாழ்த்துவதுகூட அவருக்குக் கஷ்டமாக இல்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, மத்தியானம் மகளின் கட்டிலருகே நின்று ஒப்பிப்பார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இவர் அசராமல் அடுத்த வாரமும் ஒப்பிப்பார்.

ஒரு நாள் அவள் திரும்பிக்கொள்ளவில்லை.

"அப்பா, எனக்கு இது சரியாகுமா?"

வாய் தானாகத் திறந்தது. "சரியாயிரும்மா. நாளைக்கே பாரேன்."

"கடையில சொல்ற மாதிரியே சொல்றீங்கப்பா" என்றாள். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அவரால் முதல் படியைத் தாண்ட முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து, என் வேதனை தணிய வேண்டும் என்று ஆரம்பித்தார். மூடிய கண்ணுக்குள் தாழ்ப்பாளில்லாத ஒரு கதவு தெரிந்தது. கடையிலிருந்து வீடு திரும்பும்போதெல்லாம் அந்தக் கதவைத் தள்ளுமுன் நின்று, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுப்பது நினைவுக்கு வந்தது. பிள்ளை போய்விடுவாளோ என்ற பயம். எத்தனையோ மாதமாக அதைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏறி, வியாபாரம் பண்ணி, சிரித்து, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். சத்தம் வராமல் அழ முயன்றார், முடியவில்லை. ஜெயஸ்ரீ பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மகளின் கட்டிலருகே நின்றார். ஒப்பிக்க அன்றைக்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாழ்ப்பாள்ல ரிப்பேர் எதுவும் இல்லம்மா" என்றார். "பயந்துதான் கழட்டினேன். உனக்கு எப்ப சரியாகும்னு அப்பாவுக்குத் தெரியல. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்காத சுலோச்சனா, ஈரக் கையோடு அறை வாசற்படியில் வந்து நின்றாள்.

தாரணி புரண்டு அவர் பக்கம் திரும்பினாள். பிறகு காலை மடக்கிக்கொண்டு கட்டிலில் கொஞ்சம் இடம் விட்டாள்.

"எனக்கும் என்னை நினைச்சா பயமா இருக்குப்பா" என்றாள். "யார்கிட்டயும் சொல்லல."

கருணாகரன் உட்கார்ந்தார். சரியாயிரும் என்று சொல்ல நாக்கு துடித்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார். டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும், உடனே கூட்டிப்போக வேண்டும் என்று தோன்றியது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.