நாலு அடுக்கு, வெங்காயத்தோடு

என் அம்மா வெர்னா டேபே எல்லாரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். லாரி ஓட்டுகிறவர், வக்கீல், பல் முளைக்காத குழந்தை, பல் போன கிழவர், யார் வந்தாலும் "என்ன வேணும், கண்ணு?" பங்குச் சாமியார் ஃபாதர் ஓட்டிங்கையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. சின்சினாட்டியின் மேற்குப் பக்கத்தில் பெட்கோவ் சில்லிக் கடையில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே பரிமாறுகிறவள். இடது கையில் விரலிலிருந்து முழங்கை வரை தட்டுகளை வரிசையாக ஏற்றிக்கொண்டு, வலது கையால் யாராவது ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டுப் போவாள்.

அவள் கண்ணு என்று கூப்பிடாத ஒரே ஆள் நார்பர்ட் ஹ்யூஸ்மன். அவர் மட்டும் 'மிஸ்டர் ஹ்யூஸ்மன்'.

இதை நான் கவனித்ததே கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில்தான். வேலை கிடைக்கும்வரை கல்லாவில் உட்காரச் சொல்லியிருந்தார் முதலாளி லாம்ப்ரோ பெட்கோவ். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

"சமூகவியல்னா என்ன, கிரெட்சன்?" என்று முதல் நாளே கேட்டார் லாம்ப்ரோ.

"ஜனங்க ஏன் எப்படி நடந்துக்கறாங்கன்னு கவனிக்கறது."

"அதுக்கு நாலு வருஷமா? உங்கம்மா தட்டு வைக்கற நேரத்துல கவனிச்சிடுவாளே."

நான் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

நார்பர்ட் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். என் அப்பா இறந்த அடுத்த வருஷம் இந்தக் கடைக்கு வர ஆரம்பித்தார், இப்போது ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் நாள் இங்கே எல்லாரும் கேட்பதுபோல அம்மா அவரிடம், "எந்த உயர்நிலைப் பள்ளியில படிச்சீங்க?" என்று கேட்டாளாம். அவர் சொன்னாராம். அதற்குமேல் பேச்சு வளரவில்லை.

மதியக் கூட்டம் சேருவதற்குச் சற்று முன்னால் அவருடைய பழுப்பு நிற வண்டி ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கும். அம்மா தலையைக்கூடத் திருப்பாமல், "நாலு அடுக்கு, வெங்காயத்தோடு!" என்று கத்துவாள். பாத்திரங்களை ஆறாமல் வைக்கிற சூடு மேடைக்குப் பின்னால் நிற்கும் லாம்ப்ரோ நீள்வட்டத் தட்டை எடுத்து ஸ்பகெட்டியைப் பரப்புவார். அதன்மேல் சில்லி. மிளகாய் பேருக்குத்தான், பட்டையும் கிராம்பும் மணக்கிற, தண்ணியான கொத்துக்கறிக் குழம்பு அது. அதன்மேல் நறுக்கிய வெங்காயம். எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, நூல்நூலாகத் துருவிய சீஸ் ஒரு மஞ்சள் குன்று. நார்பர்ட் தொப்பியைக் கழற்றி உட்காருவதற்குள் தட்டு அவர் முன்னால் இருக்கும். சூடு மேடைக்கு நேர் எதிரே, லாம்ப்ரோவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிற கடைசி ஸ்டூல் அவருடையது. கூடவே ஒரு கிண்ணத்தில் வருகிற குட்டி உப்பு பிஸ்கட்டை அவர் தொடவே மாட்டார், பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். முள்கரண்டியின் ஓரத்தால் வெட்டி வெட்டிச் சாப்பிடுவார். "நன்றி, மிஸஸ் டேபே" என்பார். போய்விடுவார்.

ஒருநாள் வீட்டில் அம்மா கால்களை வெந்நீரில் ஊறவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "அந்த மனுஷன் சில்லிக்காக வராரா, உனக்காக வராரா?"

"இதான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா? போய்த் துண்டு எடுத்துட்டு வாடி."

துண்டு எடுத்துக்கொண்டு திரும்பினேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல கேள்விதான்" என்றாள் மெதுவாக. "எனக்கும் தெரிஞ்சா தேவலை."

அதன்பிறகு அவளுக்கு அதே நினைப்புதான். உதட்டுச் சாயம் மாறியது. வண்டிச் சத்தம் கேட்டால் கை ஏப்ரனைத் தட்டிச் சரிசெய்தது. நான் எதற்கு அதைக் கேட்டேன் என்று எனக்கே எரிச்சலாக இருந்தது.

அப்போதுதான் சாம்பல் புதன் வந்தது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தின் முதல் நாள்.

எங்கள் பக்கம் பாதிப்பேருக்கு மேல் கத்தோலிக்கர். அன்றைக்கு எல்லாருக்கும் ஒருசந்தி, இறைச்சி கூடாது. காலைத் திருப்பலி முடித்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு கடைக்கு வந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிடுவார்கள். லாம்ப்ரோவின் மாசிடோனியச் சபைக்குத் தவக்காலம் வேறு காலண்டர். அதனால் அவர் நெற்றி சுத்தமாக இருந்தது. அம்மா நெற்றியில் சிலுவை. என் நெற்றியிலும். காலையிலிருந்து அவள் ஒவ்வொருவரிடமும் "இன்னிக்குக் கறி கிடையாது கண்ணு, மறந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பழுப்பு வண்டி வந்து நின்றது.

"நாலு அடுக்கு, வெங்காயத்தோடு!"

வாய் தானாகவே கத்திவிட்டது. லாம்ப்ரோவின் கை தானாகவே போட்டது. அம்மாவின் கை தானாகவே கொண்டுபோய் வைத்தது. நார்பர்ட்டும் பழக்கத்தில் பிஸ்கட்டைத் தள்ளினார், வெட்டினார், ஒரு பெரிய வாயாக எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் நெற்றியில் சிலுவை, அம்மா நெற்றியில் சிலுவை. அதற்குப் பின்னால், மூலை மேசையில், சீஸ் சாண்ட்விச்சைக் கையில் பிடித்தபடி ஃபாதர் ஓட்டிங்.

கடையே திரும்பிப் பார்த்தது. நார்பர்ட்டின் கன்னங்கள் உப்பியிருந்தன. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்கள் மட்டும் ஃபாதரிடம் கெஞ்சின.

"விழுங்குப்பா நார்பர்ட்" என்றார் ஃபாதர். "துப்பினா வெர்னாதான் துடைக்கணும்."

விழுங்கினார். எங்கள் எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"ஐயோ, மிஸ்டர் ஹ்யூஸ்மன், என் தப்பு..." அம்மாவின் முகம் கெட்சப் நிறத்துக்கு வந்திருந்தது.

"இல்லை மிஸஸ் டேபே. வாய் என்னுது." அவர் எழுந்து தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டார். "பரிகாரமா, இந்தத் தவக்காலம் முழுக்க நான் சில்லி தொட மாட்டேன்."

"நான் அவ்வளவெல்லாம் கேக்கலையே" என்றார் ஃபாதர்.

நார்பர்ட் அதற்குள் வெளியே போயிருந்தார்.

மறுநாள் பழுப்பு வண்டி வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சனிக்கிழமை அம்மா கடைசி ஸ்டூலைத் துடைத்தாள், யாரும் உட்காராத ஸ்டூலை.

"பார்த்தியா?" என்றாள் என்னிடம். "உன் கேள்விக்குப் பதில் கிடைச்சாச்சு. சில்லி இல்லைன்னா ஆளும் இல்லை."

"மூணு நாள்தானேம்மா ஆச்சு."

"சூடு மேடையை மூடினா ஈ பறந்து போக மூணு நாள் ஆகுமா?"

அந்த ஞாயிறு முழுக்க அவள் வீட்டில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. ஒரு மனிதர் சாப்பிட வந்தார், இன்னொருவர் தட்டு வைத்தார், இருவரும் நிம்மதியாகத்தானே இருந்தார்கள். அதைச் சில்லி ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்தது யார்?

திங்கட்கிழமை வண்டி வந்தது.

அம்மா வாயைத் திறந்தாள். கையால் பொத்திக்கொண்டாள். நார்பர்ட் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, கடைசி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என்ன கொண்டு வரட்டும், மிஸ்டர் ஹ்யூஸ்மன்?" ஒன்பது வருஷத்தில் அவரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"பிஸ்கட்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் பிஸ்கட்தான். ஒவ்வொரு குட்டி பிஸ்கட்டிலும் ஒரு சொட்டு காரச் சாஸ் விட்டு, மாத்திரை விழுங்குவதுபோல விழுங்குவார். கூடக் காப்பி. வாயில் வேலை குறைந்துவிட்டதால் பேச்சு வந்தது. எந்த மேட்டில் பனிக்காலத்தில் பேருந்து வழுக்கும், எந்தப் பங்குக் கோயிலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் மொறுமொறுப்பாக இருக்கும், மனைவி போனபின் ஒரு தக்காளிச் செடிகூட அவர் சொன்னபடி காய்க்காதது, எல்லாவற்றையும் சொன்னார். அம்மா காப்பிக் கெட்டிலோடு நின்று கேட்டாள். மற்ற மேசைகளிலிருந்து "வெர்னா! வெர்னா!" என்று கூப்பிட்டார்கள். "வரேன் கண்ணு, கத்தாதே கண்ணு" என்றாள், நகரவில்லை.

"சில்லி தொடாதவரு எதுக்கு வராரு?" என்று லாம்ப்ரோவிடம் கேட்டேன்.

"வாசனை பிடிக்க வரான்" என்றார் அவர். "என் சில்லி வாசனைக்கே ஆள் வரும்."

அம்மா இதைக் காதில் வாங்கிவிட்டாள். அதோடு பழைய சந்தேகப் பிசாசு திரும்ப வந்து பிடித்துக்கொண்டது. ஈஸ்டர் நெருங்க நெருங்க அவள் வாடினாள். "தவக்காலம் முடிஞ்சா வாய் நிறையச் சில்லி, அப்புறம் பேச்சேது?" என்றாள். நான்தான் அந்த யோசனையைச் சொன்னேன். நாலு வருஷப் படிப்பில் நான் உருப்படியாக நடத்திய ஒரே ஆய்வு அதுதான்: ஈஸ்டர் திங்கட்கிழமை அம்மா லீவு போடுவாள். சில்லி இருக்கும், வெர்னா இருக்க மாட்டாள். நார்பர்ட் என்ன செய்கிறார் என்று நான் கல்லாவிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை வண்டி வந்தது. கத்துவதற்கு ஆள் இல்லை. லாம்ப்ரோ தானே போட்டுத் தானே வைத்தார். சீஸ் வழக்கத்தைவிட உயரமாக இருந்தது, பண்டிகைக் குன்று.

நார்பர்ட் தட்டைப் பார்க்கவில்லை. சமையலறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னை.

"அம்மா எங்க?"

"இன்னிக்கு லீவு."

"உடம்புக்கு முடியலையா?"

"இல்லை. சும்மா."

தட்டின் பக்கம் திரும்பினார். தள்ளிவிட்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். தள்ளுங்க, தள்ளுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் பிஸ்கட் கிண்ணத்தைத் தள்ளினார். முள்கரண்டியை எடுத்தார். முதல் வாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் நிறுத்தவே இல்லை. தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீஸ் நூலைக்கூட விடவில்லை.

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நான் திகைத்துக்கொண்டிருந்தபோது அவர் கல்லாவுக்கு வந்தார். "இன்னொண்ணு பார்சல். எல்லாம் தனித்தனியா. சீஸ் உருகிடக் கூடாது" என்றார். பிறகு தொப்பியைத் திருகிக்கொண்டே, "தட்டு வைக்கறவங்க லீவுன்னு வீட்ல இருந்தா சாப்பிடவே மாட்டாங்க. என் மனைவியும் இந்த வேலைதான் பார்த்தா" என்றார். வீடு எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன்.

வண்டி கிளம்பியதும் போனை எடுத்தேன். மணி ஒருமுறை முழுதாக அடிப்பதற்குள் அம்மா எடுத்துவிட்டாள்.

"வந்தாரா?"

"வந்தாரு. உன்னைக் கேட்டாரு."

"அப்புறம்?"

"சாப்பிட்டாரும்மா."

"எவ்வளவு?"

"தட்டைக் கழுவவே தேவையில்லை."

"சரி. இத்தனை நாள் பட்டினி கிடந்த மனுஷன். தப்பில்லை" என்றாள். அவள் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்து நான் கேட்டதேயில்லை.

"ஒரு பார்சலும் வாங்கிட்டுப் போறாரு."

"ராத்திரிக்கு வெச்சுக்குவாரு."

"உனக்குத்தாம்மா. நீ சாப்பிட்டிருக்க மாட்டேன்னு. நம்ம தெரு கேட்டுட்டுப் போயிருக்காரு."

"ஏண்டி, அறிவு இருக்கா? இதை முதல்ல சொல்ல மாட்டியா? தலை முழுக்கச் சுருள் மாட்டி வெச்சிருக்கேன்!"

போன் டொக்கென்று விழுந்தது.

மதியக் கூட்டம் கலைகிற நேரத்தில் கடைப் போன் அடித்தது. அம்மாதான், சமையலறையிலிருந்து கிசுகிசுத்தாள்.

"கிரெட்சன், இந்தக் கூத்தைக் கேளு. என்னை உக்கார வெச்சுட்டு அவரே தட்டு போடறாரு. ஸ்பகெட்டி போட்டாரு, சில்லி ஊத்தினாரு, சீஸைக் குவிச்சாரு. இப்ப வெங்காய டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு, 'இதை எப்பப் போடணும்?'ங்கறாரு."

"சீஸுக்கு முன்னாடி."

"கைக்குழந்தைக்குத் தெரியும்டி அது! ஒன்பது வருஷமா தினம் அதையேதானே சாப்பிடறாரு. லாம்ப்ரோ கைக்கு நேரா உக்காந்துக்கிட்டு அத்தனை நாளும் என்னத்தைப் பார்த்துக்கிட்டிருந்தாரு?"

போனைக் கையால் மூடிக்கொண்டு லாம்ப்ரோவிடம் அதையே கேட்டேன். அவர் யாருக்கோ வெங்காயம் தூவிக்கொண்டிருந்தார்.

"என் பக்கம் திரும்பினதே இல்லை" என்றார், குனிந்தபடியே. "எனக்கு அது மட்டும் தெரியும்."

அப்படியே அம்மாவிடம் சொன்னேன். அதைக் கேட்டதும் போனை எங்கோ வைத்துவிட்டாள். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, தூரத்திலிருந்து, அவள் குரல்.

"பரவாயில்லை, நார்பர்ட். மேலயே போடு."