கடலைக்கொடியும் காவல் உத்தியோகமும்

பிள்ளையின் மூச்சுக்குக் காவல் இருப்பதும் ஒரு உத்தியோகம்தான். லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் தெரு முழுக்க. இதே உத்தியோகத்தில் இருக்கிற அம்மாக்களே, அவன் தூங்குகிற நேரத்தில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சரக், சரக்

அன்று விளக்கை அணைத்த பிறகு அந்தச் சத்தம் கேட்டது. சரக்... நின்றது. மறுபடி சரக். என் நான்கு வயது தருணின் நெஞ்சில் காதை வைத்தேன். போன வருஷம் அவன் நுரையீரலில் பூஞ்சை பிடித்ததும் இப்படி ஒரு சின்னச் சத்தத்தில்தான் தெரிந்தது. நெஞ்சு சுத்தமாக இருந்தது. சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

டார்ச்சோடு போனேன். என் மாமியார் நனைந்த கடலைக்கொடியைக் கட்டுக்கட்டாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். புழுங்கிய கொடியிலிருந்து கிளம்பும் தூள் பிள்ளைப் பக்கமே வரக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். "அத்தை, வேண்டாமே" என்றேன். அவர் நிமிரவேயில்லை.

"மழையில கெடந்தா பூசணம் பூத்துரும்டி. அப்புறம் மாடு எதைத் திங்கும், ஒன் கான்வென்ட் இங்கிலீசையா?"

லத்தி

டாக்டர் எனக்குச் சொன்னது இது. நம் எல்லோருக்கும் மூச்சோடு பூஞ்சைத் தூள் தினமும் உள்ளே போகிறது. நுரையீரலில் இருக்கிற காவல் செல்கள் சில புரதங்களை அனுப்பி, 'வாங்க, ஆள் புகுந்துட்டான்' என்று மற்ற செல்களைக் கூப்பிடும். அவை வந்து கொன்றுவிடும். தருணுக்குப் பிறவிக் கோளாறு: செல்கள் வருகின்றன, கொல்லத்தான் வலுவில்லை. அதனால் தினமும் பூஞ்சை மருந்து. கூடவே, அப்படிச் சேதி சொல்கிற புரதம் ஒன்றையே ஊசியாகப் போட்டு அந்தச் செல்களை உசுப்பிவிடுகிறோம்.

சவூதியில் லாரி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் போனில் இதையெல்லாம் விளக்கி முடித்தேன். அவர் ஒரே வரியில் சுருக்கினார்.

"அப்ப நம்ம புள்ள ஒடம்புல போலீஸ் இருக்கு, லத்தி இல்லங்கிற."

மாவுச்சட்டி

ஊசி மருந்து பிரிட்ஜில் இருக்கணும், ஆனால் உறையக்கூடாது. எதிர்வீட்டு அக்கா மாவு வைக்க வந்தவர், இடம் பண்ணுவதற்காக மருந்து டப்பாவை ஃப்ரீசருக்குள் தள்ளப் போனார். பாய்ந்து பிடுங்கினேன். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஒரு மாவுச்சட்டிக்கு எடமில்லாத வீட்டுல எதுக்கு பிரிட்ஜு?"

எந்தக் காய்ச்சல்

அந்த ஊசி போட்டாலே காய்ச்சல் வரும். பூஞ்சை வந்தாலும் காய்ச்சல்தான். கொடி உள்ளே வந்த மறுநாள் ஊசி போட்டேன். ராத்திரி உடம்பு அனலாய்க் கொதித்தது. மருந்தா, கொடியா? ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் பண்ணினேன். மூச்சு இளைத்தாலோ, விடிவதற்குள் இறங்காவிட்டாலோ யோசிக்காமல் கிளம்பி வரச் சொன்னார்.

பையைக் கட்டிக் கதவோரம் வைத்தேன். அத்தை தருணை மடியில் போட்டுக்கொண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொடி கிடந்த அறைப் பக்கம் அவர் திரும்பவேயில்லை. கோழி கூவுகிற நேரத்தில் அவனுக்கு வேர்த்தது, காய்ச்சல் இறங்கியது. மருந்துக் காய்ச்சல்தான்.

அத்தை சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"புள்ளைய எதிர்வீட்டுக்குத் தூக்கிட்டுப் போ. கொடிய வெளிய தள்ளி, ஈரத்துணி போட்டுத் தொடைக்கிற வரைக்கும் இங்கிட்டு வராத."

வாசலில் மாமா

நேற்று சாயங்காலம் கறம்பக்குடியிலிருந்து அத்தையின் அண்ணன் வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, கடலை ஆய்ந்த களத்திலிருந்து நேராக, தலையெல்லாம் சருகும் தூசியுமாக. பெரியவர்கள் வந்தால் எழுந்து நின்று கதவைத் திறக்க கான்வென்டில் சொல்லிக்கொடுத்தார்கள், சாத்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. "மாமா... ப்ளீஸ்..." என்று வாசலில் தடுமாறினேன்.

அத்தை என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். "அண்ணே, கொல்லைப்பக்கம் போய்க் குளிச்சிட்டு வாங்க. வேட்டி எடுத்து வச்சிருக்கேன்." அவர் சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனார். அத்தை கதவைச் சாத்தினார். வெளியிலிருந்து குரல் வந்தது.

"மருமக பேச்செல்லாம் ஒன் வாயில வருதே ஆத்தா!"

தருணின் போலீசுக்குப் பிறவியிலேயே கிடைக்காத லத்தியை, என் கான்வென்ட் படிப்பு வாங்கித்தர முடியாத லத்தியை, அத்தை உள்ளேயிருந்து தாழ்ப்பாளாகப் போட்டார்.