நாம என்றால் யார்

பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் மாதமே அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. ரெட்டியார்பாளையத்தில் எங்களுடையது சின்ன மென்பொருள் அலுவலகம். சில கிளினிக்குகளுக்காகக் குழந்தைகளின் தடுப்பூசி விவரங்களை வைத்திருந்தோம். சர்வர் பழசாகிவிட்டதால் எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது வேறொரு நிறுவனத்தின் வாடகை சர்வர்களுக்கு, மாற்றவேண்டும். எந்த முறையில் என்று நான் சொல்லவேண்டும்.

வெறும் இயந்திரத்தை மட்டும் வாடகைக்கு எடுத்தால் அப்டேட், பேக்கப் எல்லாம் எங்கள் பாடு. இன்னொரு முறையில் இயந்திரத்தை அவர்கள் கவனிப்பார்கள், எங்கள் புரோகிராம் மட்டும் எங்களுடையது. ஆயத்த மென்பொருளையே வாங்கிக்கொள்ளலாம் என்றால், கிளினிக்குகள் கேட்கிறபடி அதை மாற்ற முடியாது.

மேனேஜர் சாருக்கு முதல் வழிதான் பிடித்திருந்தது. எல்லாம் நம் கையில் இருக்குமாம். அப்டேட்டை எப்போது செய்வது என்று கேட்டேன். கிளினிக் மூடிய பிறகு, சாயங்காலத்தில் என்றார். என் மகளை விட்டிருக்கும் நெல்லித்தோப்பு கிரெஷ் ஆறு மணிக்கு மூடிவிடும். அதை நான் சொல்லவில்லை.

"நாம பாத்துக்கலாம்மா" என்றார்.

"நாமன்னா யாரு சார்?"

பக்கத்து இருக்கையில் இருந்தவள் திரையிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நாமன்னா நீங்கதான்க்கா. லீவுல அதுகூடவா மறந்துட்டீங்க?"

சார் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன்.

கிளவுடு விற்கும் ஆளிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டாவது முறைக்கு வந்தபோது பெரும்பாலானவற்றுக்கு 'நாங்க பாத்துக்குறோம்' என்றார். தகவல்களும், அவற்றைப் பார்க்க யாரை உள்ளே விடுவது என்பதும் யார் பொறுப்பு என்று கேட்டேன்.

"அது எந்தப் பிளான்லயும் நீங்கதான் மேடம்."

இரண்டாவது முறையையே எழுதிக் கொடுத்தேன். காரணங்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் அது கிளினிக்குகளுக்காகவா, ஆறு மணிக்காகவா? திரும்பத் திரும்பப் படித்தும் தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் குற்ற உணர்வு வரும். அன்று ஒன்றும் இல்லை. பல் பிடுங்கியபின் கன்னம் மரத்திருப்பதுபோல இருந்தேன்.

சார் மறுக்கவில்லை. தகவல்களைப் பார்க்க ஆட்களை உள்ளே விடுவதற்குப் பொறுப்பாக ஒரு பெயர் மட்டும் வேண்டும் என்றார். என் பெயரைப் போட்டேன். அதை வீட்டிலிருந்தும் செய்யலாம்.

அன்று சாயங்காலம் கிரெஷ்ஷில் குழந்தையைத் தூக்கிக் கொடுத்த அக்கா, என்னைத் தவிர யார் வந்தால் விடலாம் என்று கேட்டார். முன்கூட்டியே சொல்லாதவர்களிடம் கொடுக்கமாட்டார்களாம். இதைப் போன வாரமே கணவரிடம் கேட்டிருந்தேன். நாம பாத்துக்கலாம் என்றிருந்தார்.

"நான்தான்க்கா வருவேன்" என்றேன்.

மகள் என் கழுத்தில் தொங்கிய அலுவலக அடையாள அட்டையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். இழுத்தேன், விடவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.