எட்டு மீன்களும் தம்பியின் பல்லும்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தபோது, வாடகை அறையில் புதிதாக மீன்தொட்டி வைத்து அன்றே எட்டு மீன்களை விட்டேன். நான்காம் நாள் எட்டும் செத்து மிதந்தன. அதே அறையில் என்னோடு தங்கி, சாயப்பட்டறையில் வேலை பார்த்த என் தம்பிதான் சாயக் கையைத் தண்ணீரில் விட்டிருப்பான் என்று நினைத்து, அவன் முகத்தில் குத்தினேன்.

"நான் தொடவேயில்லண்ணே!" என்று கத்தினான். மறுபடியும் குத்தினேன். முன்பல் உடைந்து ரத்தத்தோடு விழுந்தது.

செத்த மீன்களோடு, அவற்றை வாங்கிய கடைக்குப் போனேன்.

"புதுத் தொட்டியில ஒரே நாள்ல எட்டையும் உட்டீங்களா? அதுக கழிவே விஷமாயிருமுங்க. மொதல்ல ரெண்டு மீன் உட்டு, அப்பப்பக் கொஞ்சம் தண்ணி மாத்தோணுங்க" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்து தம்பியிடம் அதைச் சொன்னேன். வாயைத் துணியால் பொத்தியிருந்தவன் எழுந்து, தொட்டியைத் தரையில் தள்ளி உடைத்தான். நான் தடுக்கவில்லை. அன்றே பல்லடம் பஸ் ஏறிப் போனவன், இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை.