இரண்டு ஸ்டாப்புக்கு ஒரு சீட்டு

எங்கள் கல்லூரியில் முதலாம் ஆண்டு வகுப்பில் யாருக்கு யார் சிநேகிதி என்று தெரிய வேண்டுமானால் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை, பஸ்ஸைப் பார்க்க வேண்டும். காலையில் நாலா பக்கத்திலிருந்தும் திருவண்ணாமலைக்கு வந்து சேரும் டவுன் பஸ்கள்தான் எங்கள் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைக்கின்றன. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், போளூர் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கூட்டம். ஒன்றாக வந்து இறங்கி, ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மதியம் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிடுவார்கள். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால், மூன்று கிலோமீட்டரும் கூட்டமாகவே நடந்து வருவார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்று ஆனதிலிருந்து இந்தக் கூட்டங்கள் இன்னும் பெருத்துவிட்டன.

நான் அங்கே தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். கோபக்காரி என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற நான் தனியாக மெனக்கெடுவதில்லை, தானாகவே வந்துவிடுகிறது.

அந்த வருஷம் வகுப்புகள் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு பெண் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், டி.சி. வாங்கிக்கலாம்னு இருக்கேன்."

"சேந்து ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள டி.சி.யா? பாடம் புரியலையா?"

"பாடம் புரியுது மேடம்."

"பின்ன என்னா?"

"மதியம் சாப்பிடும்போது கூட ஆள் இல்ல மேடம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவுக்கு வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை. வேலூரிலிருந்து அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். திண்டிவனம் சாலையில் வீடு பார்த்திருந்தார்கள், கல்லூரிக்கு இரண்டே ஸ்டாப், நடந்தால் பத்து நிமிடம். பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று தேடித்தேடிப் பார்த்த வீடாம். வகுப்பிலேயே கல்லூரிக்கு மிகப் பக்கத்தில் இருந்தது அவள் வீடுதான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வேலூரில் இருந்தார்கள், இங்கே அவளுக்கென்று ஒரு பஸ் இல்லை.

"ஆயுத பூஜை லீவு வரைக்கும் எனக்கு டைம் குடு. அதுக்கப்புறமும் புடிக்கலன்னா நானே கையெழுத்து வாங்கித் தரேன்" என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

நல்லவேளையாக அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது நம் கல்லூரி என்ற எண்ணம் வர வேண்டும், அவர்களைக் குழுக்களாகப் பிரித்துக் கவனிக்க வேண்டும் என்று இருந்தது. நான் உற்சாகமாக உட்கார்ந்து பட்டியல் போட்டேன். செடிகள் சேகரித்து ஒட்டும் வேலையைக் குழுவாகச் செய்யட்டும், ஒரே பக்கத்துப் பிள்ளைகள் என்றால் சேர்ந்து செய்யச் சுலபம் என்று யோசித்து, பஸ் தடத்தின்படியே குழு பிரித்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வகுப்பில் வாசித்தேன். செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் எல்லாம் முடிந்து கடைசியில் "லோக்கல்" என்று ஒரு குழு. அதில் அவளும் இரண்டு பையன்களும். ஒருவன் செல்போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு நாள் தலைகாட்டுவான். இன்னொருவன் தினமும் வருவான், ஆனால் பெயர் கூப்பிட்டால்கூட வாயைத் திறக்காமல் கையைத் தூக்குகிறவன். அந்த இருவருக்கும் நடுவில் அவள், கல்யாண வீட்டில் தெரியாதவர்கள் பந்தியில் உட்கார்ந்துவிட்டவள் மாதிரி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு இலை இல்லை, ஒட்டக் கொடுத்த புங்க இலை. சேர்த்துவைக்கிறேன் என்று கிளம்பி அவளைக் கோடு போட்டு ஒதுக்கியது நான்தான். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

ஆகஸ்ட் பிறந்ததும் அவள் முகம் தெளிந்தது. டி.சி. பேச்சையே காணோம். குழுப் பட்டியலின் மகிமை என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனால் புதிதாக ஒரு கெட்ட பழக்கம் வந்தது. தினமும் லேட்.

எங்கள் வகுப்பில் எழுதாத ஒரு சட்டம் உண்டு. ஒன்பதரைக்கு வகுப்பு என்றாலும், பஸ் பிள்ளைகள் ஒன்பதே முக்காலுக்குக் கும்பலாக வந்து நின்றால் ஒன்றும் கேட்காமல் வருகை போட்டுவிடுவோம். பஸ் லேட்டானால் அவர்கள் என்ன செய்வார்கள்? அந்தச் சலுகை நடந்து வருகிறவர்களுக்குக் கிடையாது. கீழ்பென்னாத்தூர்க் கும்பலில் எட்டுப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஒன்பதாவதாக இவளும் வந்து நிற்பாள். எட்டுப் பேருக்கும் வருகை, இவளுக்கு மட்டும் ஆப்சென்ட்.

"பத்து நிமிஷம் நடந்து வரதுக்கு உனக்கு என்னா கேடு? காலைல எழுந்திரிக்கவே மாட்டியா?" என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போய் அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

செப்டம்பர் கடைசியில் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தால், இப்படியே போனால் தேர்வு எழுத முடியாது என்ற நிலைமை. அவளுடைய அப்பாவுக்கு போன் போட்டேன்.

"உங்க பொண்ணு தெனமும் லேட்டா வர்றாங்க."

"என்னங்க மேடம் சொல்றீங்க? ஏழு மணிக்கெல்லாம் கெளம்பிடறாளே. ஸ்பெஷல் கிளாஸ்னு சொன்னா."

"ஏழு மணிக்கு எங்க காலேஜ்ல வாட்ச்மேன்கூட இருக்க மாட்டாருங்க."

பதினெட்டு வயதுப் பெண், தினமும் இரண்டே முக்கால் மணி நேரம் கணக்கில் வரவில்லை. அவர் என்ன நினைத்தாரோ அதைத்தான் நானும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஆசிரியர் அறையில் மூன்று பேர் மட்டும்.

"ஏழு மணிலேந்து எங்க போற?" என்றேன்.

"கீழ்பென்னாத்தூர்."

"அங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டபடி அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார்.

"யாரும் இல்லப்பா. இங்கேந்து போற பஸ்ஸு அங்க போயி நிக்கும். அதுலயே திரும்பி வந்துடுவேன்."

பிறகு அழுதுகொண்டே முழுவதையும் சொன்னாள். ஒரு மழை நாளில் வீட்டு வாசலில் அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்துப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். பேச்சு சூடு பிடிப்பதற்குள் கல்லூரி வந்துவிட்டது. அடுத்த நாள் காலை எதிர்த் திசையில் போகிற பஸ்ஸில் ஏறி, அவர்கள் ஊருக்கே போய்விட்டாள். போகும்போது பஸ் காலி. கீழ்பென்னாத்தூரில் அது திரும்பும்போது ஜன்னல் வழியாகத் துண்டும் பையும் பறக்கும், அவ்வளவு அடிதடி. இவள்தான் முன்பே உள்ளே இருக்கிறாளே! ஒரு சீட்டில் பை, ஒன்றில் சாப்பாட்டு டப்பா, ஒன்றில் ரெக்கார்டு நோட்டு, ஒன்றில் குடை என்று கையில் இருப்பதையெல்லாம் எட்டு சீட்டுக்கும் பரப்பிவிடுவாளாம். எட்டுப் பேரும் சாவகாசமாக ஏறி மகாராணிகள் மாதிரி உட்காருவார்களாம்.

"அவங்களுக்கு நான்தான் மேடம் சீட்டு புடிப்பேன்" என்றாள். அழுகைக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு மிடுக்கு.

எனக்குப் பெரிய நிம்மதி, சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. "படிக்க அனுப்பினா பஸ்ல சுத்திகினு இருக்கியா? திங்கட்கிழமைலேந்து ஒன்பது மணிக்கு முன்ன வீட்டு வாசல தாண்டக்கூடாது" என்று முடித்துவிட்டார். நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். மாறாக, "ஆமாங்க, ஆப்சென்ட் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்று ஒத்து ஊதினேன். என்னை நினைத்தால் எனக்கே எரிச்சலாக வருகிறது.

அப்பா முன்னால் போனதும் அவள் கதவருகில் நின்றாள். "அப்போ டி.சி. வாங்கிக்கறேன் மேடம். சீட்டு புடிக்கலன்னா அவங்களுக்கு நான் எதுக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். "திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்று அனுப்பிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ராத்திரி தங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை அங்கிருந்தே கல்லூரிக்குக் கிளம்பினேன். அவள் தினமும் போய்த் திரும்பிய அந்த பஸ்ஸைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பஸ் வந்ததும் நடந்த தள்ளுமுள்ளில் என் செருப்பு ஒன்று கழன்று, யாரோ ஒரு புண்ணியவதி எடுத்துக் கொடுத்தாள். நான் உள்ளே போவதற்குள் எல்லா சீட்டும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. ஜன்னலோரச் சீட்டு. அதில் ஒரு பை மட்டும் உட்கார்ந்திருந்தது. பக்கத்திலேயே என் மாணவிகள் எட்டுப் பேர். இரண்டு சீட்டில் இடித்துக்கொண்டு மூன்று பேர், மீதி ஐந்து பேர் நின்றுகொண்டு.

"யாரோட பை அது? எடுங்க, நான் உக்காரணும்" என்றேன். ஒரு கையில் என் பை, இன்னொரு கையில் நாத்தனார் கட்டிக்கொடுத்த ஐந்து வகைச் சாதம்.

"அதுக்கு ஆள் வருது மேடம்."

"எங்க வருது? பஸ் கெளம்பிடுச்சே?"

"வழில ஏறும் மேடம். நீங்க இங்க குந்துங்க" என்று இடித்துக்கொண்டிருந்த மூன்று பேரில் ஒருத்தி எழுந்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து பேர் நிற்கும்போது பைக்கு ஒரு சீட்டா? "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று வீம்புக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு ஊரிலும் ஏறியவர்கள் அந்தச் சீட்டைக் கேட்டுச் சண்டை போட்டார்கள். கண்டக்டரும் வந்தார்.

"யம்மா, பைய தூக்கு. ஆளுக்குத்தான் சீட்டு."

"ஆள் இருக்குதுண்ணா."

"எங்க?"

"ரோட்டுல."

பஸ்ஸே சிரித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சீட்டைக் கேட்டு வந்த ஒரு அம்மாவிடம், "ஆள் வருதுங்க" என்று நானே சொன்னேன்.

திருவண்ணாமலை எல்லையைத் தொட்டதும் எட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். வீட்டு ஸ்டாப்பில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ரெக்கார்டு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, ஏறலாமா வேண்டாமா என்று தெரியாத முகத்தோடு. கையைக்கூடக் காட்டவில்லை. "ஏறுடி! ஏறு!" என்று ஜன்னலுக்கு வெளியே நாலைந்து கைகள் நீண்டன. ஏறியவளைக் கை மாற்றிக் கை மாற்றி உள்ளே தள்ளி, பையைத் தூக்கிவிட்டு, தோளை அழுத்தி ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள்.

"ரெண்டு ஸ்டாப்புக்கு எனக்கு எதுக்குடி சீட்டு? நீங்க நின்னுகினு வரீங்க" என்றாள்.

"ரெண்டு ஸ்டாப்புன்னா குந்தக்கூடாதா? நீ இல்லாம இன்னிக்கு மூணு சீட்டுதான் கெடச்சுது. அதுல ஒண்ணு உனக்கு. பேசாம வா."

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "ஏய், அழுவாத, அப்புறம் உனக்குச் சீட்டு புடிக்க மாட்டோம்" என்று ஒருத்தி மிரட்ட, அழுகையும் சிரிப்புமாகத் திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள். பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். "குந்தும்மா" என்றேன். அரை மணி நேரம் நின்றதில் கால் விண்விண் என்று தெறித்தது. என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

கல்லூரி வாசலில் இறங்கியதும் அவளை ஓரமாக அழைத்தேன். "டி.சி. விஷயம் என்னா பண்ணலாம்?" என்று கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள், முன்னால் போய்க்கொண்டிருந்த எட்டுப் பேரும் நின்று திரும்பினார்கள். "மேடம், அவள வுடுங்க மேடம். நாங்க நிக்கிறோம்ல" என்றாள் ஒருத்தி.

நான் விட்டுவிட்டேன்.