சிவப்புத் தோட்டா

போர்க்காலத்தில் எங்கள் ஹார்லிங்கன் ஊரில் காலி அறை என்பதே கிடையாது. விமானத் தளத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துப்பாக்கிக்காரர்களைத் தயார் செய்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகள் ஊரெல்லாம் அறை தேடி அலைந்தார்கள். என் பின்பக்க அறை வெர்னாவுக்குக் கிடைத்தது. ஒல்லிக்குச்சி, முழுகாமல் வேறு இருந்தாள், வாய் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும்.

தளத்திலேயே அவளுக்கு வேலை: தோட்டா முனைகளைச் சாயத்தில் நனைப்பது. ஒவ்வொருவனுக்கும் ஒரு நிறம். ஒரு விமானம் நீளத் துணியை இழுத்துக்கொண்டு பறக்கும், இன்னொன்றிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்கள் அதைச் சுடுவார்கள். ஓட்டையில் ஒட்டிய சாயம் சுட்டவன் யாரென்று காட்டிக்கொடுத்துவிடும். அவள் புருஷன் ஹோலிஸுக்குச் சிவப்பு. துணியில் சிவப்பு மட்டும் மருந்துக்குக்கூட இருக்காது.

இத்தனைக்கும் அவன் ஆர்க்கன்சாவில் வாத்து சுட்டே வளர்ந்தவன். தரையில் நின்று சுட்டால் அவனை மிஞ்ச ஆளில்லை. பறக்கிற வாத்துக்கு முன்னால் சுட்டுப் பழகிய கை, மேலே போயும் துணிக்கு முன்னாலேயே சுட்டது. தானும் பறக்கிறோம் என்பது அந்தக் கைக்கு உறைக்கவில்லை. வாத்தியார்கள் தலைகீழாக நின்று பார்த்தார்கள். இன்னொரு தடவை தவறினால் தரைவேலைதான் என்று சொல்லிவிட்டார்கள்.

"நல்லதாப் போச்சு பொண்ணே. புருஷன் உயிரோட இங்கயே கெடப்பான்" என்றேன் நான். அவளுக்கும் அதே ஆசைதான், எனக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை ஹோலிஸ் வந்து சமையலறையில் இடிந்துபோய் உட்கார்ந்தான். "சரியாத்தானே குறி வெக்கிறேன் வெர்னா. ஏன் பட மாட்டேங்குது?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மிஸ் லெட்டி, உங்க லாரியக் குடுங்க" என்றாள்.

ரேஷன் பெட்ரோல், வயிறு எரிந்தது. இருந்தும் நானும் ஏறிக்கொண்டேன். வெர்னா ஓட்டினாள். பின்னால் ஹோலிஸும் ஒரு கூடை அழுகல் பம்பளிமாஸும். ஓடுகிற லாரியிலிருந்தே வழியோர வேலிக் கம்பத்தைப் பழத்தால் அடிக்கச் சொன்னாள். ஒவ்வொரு பழமும் கம்பத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"மடையா, லாரி ஓடுதுல்ல? பழமும் கூடவே ஓடும். எங்கப்பா வண்டியில இருந்து வீடுவீடா பேப்பர் எறிஞ்சவ நான். வண்டி வந்த பக்கமா, வாசலுக்குக் கொஞ்சம் பின்னாடி பாத்து எறி, வாசல்ல விழும்."

"வாத்துக்கு..."

"வாத்த விடு. வாத்து சுடும்போது நீ சும்மா நின்ன."

அடுத்த பழம் கம்பத்தில் சிதறியது. அதற்கடுத்ததும்.

அந்த வாரமே தேர்வு நடந்தது. சாயக் கையோடு வெர்னா என் சமையலறைக்கு வந்தாள். "துணியில எங்க பாத்தாலும் செவப்பு, மிஸ் லெட்டி. பாஸாயிட்டான்." சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்து விம்மி விம்மி அழுதாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்ன யாரு சொல்லித்தரச் சொன்னா? தெரியலன்னு விட்டிருக்கலாம்ல?"

"என்கிட்டயே வந்து கேட்டானே, மிஸ் லெட்டி. அவன் மூஞ்சியப் பாத்து எப்படிப் பொய் சொல்லுவேன்?"

திட்ட எடுத்த வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் போர்முனைக்குக் கப்பலேற இன்னும் ஒரு வாரம் இருந்தது.