குளத்தில் வந்த மணல்

என்னை வீட்டில் ஓட்டைவாய் என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தப்பா வைத்த பெயர். அந்த வாயால் நாங்கள் ஒரு வீட்டையே இழந்தோம். எனக்கு அப்போது ஏழு வயது. வயதைச் சொன்னால் மன்னித்துவிடுவீர்கள் என்று தெரியும், நான்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

மம்பாவ் ஊரைத் தாண்டி அப்பா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்தை முதலாளிகள் விற்றபோது தொழிலாளர்களின் லயன் வீடுகளையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார்கள். தப்பியது பழைய மானேஜர் பங்களாவும் அதன் பின்னால் இருந்த இரண்டறை வீடும்தான். ரஹாங்கிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வந்து பங்களாவை வாங்கி, பக்கத்தில் நீச்சல் குளமும் கட்டிக்கொண்டது. பால் ஸ்டோரில் ரப்பர் பால் டிரம் உருட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் குளத்தையும் செடிகொடியையும் பார்த்துக்கொள்ள வைத்துக்கொண்டார்கள். வேலை இருக்கும்வரை பின்னால் இருந்த வீடு எங்களுக்கு. இதை அம்மா நாளுக்கு ஒருமுறையாவது அப்பாவுக்கு ஞாபகப்படுத்துவார்.

குளத்துத் தண்ணீரை மணல் வழியாக விட்டுச் சுத்தம் செய்ய ஒரு உருண்டைத் தொட்டி இருந்தது. என் உயரம். ஃபில்டர் என்பார்கள். அதுவும் அதன் மோட்டாரும் டாக்டரம்மாவின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்து உர்ரென்று உறுமிக்கொண்டிருந்தன. அவருக்கோ தீராத தலைவலி. கடைசியில் டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டார்.

“பின்னால ஷெட் பக்கமா மாத்திருங்க. ஆனா உள்ள இருக்கிற மணல முழுசா வெளிய எடுத்துட்டு அப்புறம் நகர்த்துங்க. கடைக்காரன் ரெண்டு தடவ சொல்லியிருக்கான்.”

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். செண்டாயான் தொழிற்சாலையில் வேலை பார்த்த சித்தப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா குழாய்களைக் கழற்றி, தண்ணீரை வடித்துவிட்டு, வாளியும் சிரட்டையுமாக மணலை அள்ள உட்கார்ந்தார். தொட்டியின் வாய் சின்னது. ஒரு கைதான் நுழையும். நாலைந்து சிரட்டை அள்ளுவதற்குள் சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“சுசா லா அண்ணே, ரொம்பக் கஷ்டம். இப்படி அள்ளுனா தீவாளி வந்துரும். ஸ்டோர்ல நாம உருட்டாத டிரம்மா?”

அந்த வார்த்தைதான் அப்பாவைக் கெடுத்தது. நிறைந்த பால் டிரம்மை விளிம்பில் சாய்த்து, திருகித் திருகி நடக்கவைப்பதில் தோட்டத்திலேயே அப்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ வருஷமாகப் புல் வெட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்குத் தன் பழைய வித்தை ஞாபகம் வந்துவிட்டது. சட்டையைக் கழற்றினார். இரண்டு பேருமாகச் சாய்த்துப் பிடித்துத் திருக, மணலோடு அந்த ஃபில்டர் சமர்த்தாக நடந்தது. அப்பா சிரித்தார். நான் கை தட்டினேன்.

ஷெட் வாசற்படியில் ஏற்றும்போது உள்ளே டொக்கென்று ஒரு சத்தம்.

அப்பா நின்று தொட்டியில் காதை வைத்துக் கேட்டார். “கல்லா இருக்கும் லா,” என்றார் சித்தப்பா. மறுபடி குழாய்களை மாட்டி மோட்டாரைப் போட்டார்கள். ஓடியது. சாயங்காலம் டாக்டர் வந்து, “மணல எடுத்துட்டுத்தான நகர்த்துனீங்க?” என்று கேட்டார். “எடுத்துட்டுத்தான் டாக்டர்,” என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆச்சரியம்தான், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிச் சீருடையோடு குளத்துப் பக்கம் போனேன். தண்ணீர் வந்து விழும் குழாய்க்கு நேர் கீழே, நீலத் தரையில், வெள்ளை வெளேரென்று ஒரு மணல் மேடு. போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள் என்று ஒரு வருஷமாக அப்பாவை அரித்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஷெட்டிலிருந்து அப்பா, குளத்தடி அழுக்கை இழுக்கும் உறிஞ்சுகுழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை வேகவேகமாக ஆட்டினார். கொசு கடிக்கிறது போல என்று நினைத்தேன்.

“ஆன்ட்டி, ஓடியாங்க! நம்ம வீட்டுக்கே போர்ட்டிக்சன் வந்துருச்சி!”

டாக்டரம்மா வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார். தொட்டியின் அடியில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய குழாய்கள் உண்டாம். மணலோடு சாய்த்தால் அத்தனை பாரமும் அவற்றின் மேல் விழுந்து அவை முறிந்துவிடுமாம்; முறிந்த இடம் வழியாக மணல் தண்ணீரோடு குளத்துக்கே வந்துவிடுமாம். பால் டிரம்முக்குள் அப்படி எதுவும் கிடையாது. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

டாக்டர் கத்தவில்லை. “சாமான் ஒடஞ்சா மாத்திக்கலாம். பொய் சொன்னீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. மாசக் கடைசி வரைக்கும் இருந்துக்கங்க,” என்றார். அப்பா உறிஞ்சுகுழாயைக் கீழே வைக்காமலே நின்றார்.

மாசக் கடைசியில் லாரி வந்தது. மம்பாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் ஒற்றை அறை கிடைத்திருந்தது. அம்மா பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

“காலையில அந்தம்மா குளத்துப் பக்கமே வராதே. அன்னைக்கின்னு எப்படி வந்துச்சி?”

“அவங்களாத்தான் வந்தாங்க,” என்றார் அப்பா, கயிற்றை இறுக்கிக்கொண்டே.

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்லம்மா, அப்பா பொய் சொல்றாரு! நான்தான் மொதல்ல பார்த்தேன். நான்தான் அவங்களக் கூப்புட்டேன்!”

அம்மாவின் கை பேப்பரில் அப்படியே நின்றுவிட்டது. என்னை அடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அப்பா கயிற்றை விட்டுவிட்டு வந்து என் தலையைத் தடவினார்.

“ஆமா. இவதான் மொதல்ல பார்த்தா,” என்றார்.

என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்த பாராட்டு அது என்று நினைத்துக்கொண்டு, சிரித்த முகமாக லாரியில் ஏறி உட்கார்ந்தேன்.